காயலான் கடையில் காளி முகம்

ராயபுரம் கல்மண்டபம் பக்கம் ஒரு சந்து. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். எண்ணூர் விரைவுச்சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றுவிட்டன. டிரைவர்கள் இறங்கி, லாரி நிழலிலேயே துண்டை விரித்துப் படுத்திருக்கிறார்கள். சந்துக்குள் காயலான் கடை. வாசலில் கப்பல் கயிற்றுச் சுருள், கண்ணாடி போன பித்தளை விளக்குக் கூடு, ஃபேன் இறக்கைகள், பழைய பேட்டரிகள். உள்ளே தராசு. அதன் பக்கத்தில் முக்காலி போட்டு அண்ணாச்சி உட்கார்ந்திருக்கிறார். எதிரே டீக்கடை பெஞ்சு. பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அது போதும்.

ஒரு பையன் சாக்கு மூட்டையை இழுத்துவந்து தரையில் கவிழ்க்கிறான். காசிமேட்டில் ஒரு வீட்டை இடிக்கிறார்கள். அதன் பரணில் இருந்தவை. முதலில் விழுவது காகிதக் கூழில் செய்த காளி முகம்: அகலமான கண்கள், சிவப்பு வழிந்த வாய், ஒரு பக்கக் கோரைப்பல் உடைந்திருக்கிறது. அடுத்து கண்ணாடித் துண்டும் ஜிகினாவும் ஒட்டிய மரக் கிரீடம், தோளில் கட்டுகிற இரண்டு கட்டைகள், கயிறு கோத்த மர நாக்கு. பிறகு தகரத்தில் எழுதிய திருஷ்டி பூதம் ஒன்று. கடைசியாகக் குழந்தைகள் திருவிழாவில் வாங்கி மாட்டிக்கொள்ளும் அட்டை முகமூடிகள், கட்டாக.

“கட்டை விறகு வெல. மத்ததெல்லாம் பேப்பர் வெல” என்கிறார் அண்ணாச்சி. பையன் ஈரத்துணியை எடுத்துக் காளியின் நெற்றியைத் துடைக்கப் போகிறான்.

“தம்பி, தண்ணி வெக்காதப்பா.”

சொன்னவர் சந்து முனையிலிருந்து வந்துகொண்டிருக்கிறார். எழுபதைத் தாண்டிய மனிதர். வெள்ளை அரைக்கைச் சட்டை, கையில் மஞ்சள் பை. தங்கசாலைப் பக்கம் அச்சகத்தில் மெஷின்மேனாக இருந்து ஓய்ந்தவர் என்று டீக்கடைக்காரர் சொல்கிறார். மூர் மார்க்கெட் இருந்த காலத்திலிருந்தே பழைய தாள் சேர்ப்பவர். 1985 மே மாதத்தில் அந்த மார்க்கெட் எரிந்தபோது, மறுநாள் போய்ச் சாம்பலைப் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று சந்தில் ஒரு பேச்சு உண்டு.

பெரியவர் தரையில் செய்தித்தாளை விரிக்கிறார். பையிலிருந்து ஒரு லென்ஸ், கள்ள நோட்டு பார்க்கிற சின்ன நீல விளக்கு, ஒரு நோட்டுப் புத்தகம், பென்சில். பேனா கிடையாது. மை பட்டால் போகாது என்பதால் பழம்பொருள் பக்கத்தில் பேனாவைத் திறக்கவே மாட்டார்.

காளி முகத்தை இரண்டு கையாலும் அடியிலிருந்து ஏந்தி எடுக்கிறார். கோரைப்பல்லையோ காதையோ பிடிக்கவில்லை. நாம் கண்ணைப் பார்ப்போம், வாயைப் பார்ப்போம். அவர் முகத்தைத் திருப்பி உள்பக்கத்தைப் பார்க்கிறார். நெடுநேரம் பார்க்கிறார். அங்கேதான் எல்லாம் எழுதியிருக்கிறது. நெற்றி படுகிற இடத்தில் வியர்வை ஊறிக் கறுத்த பட்டை. கட்டுகிற துணி இரண்டு முறை மாற்றப்பட்டிருக்கிறது. பழைய தையல் ஓட்டைகள் அப்படியே இருக்கின்றன. கூழுக்கு மேல் பசை தடவி ஒட்டிய செய்தித்தாள் ஓர் இடத்தில் உரிந்து நிற்கிறது. அதில் ஒரு சினிமா விளம்பரத்தின் துண்டு: “கம் சுற்றும் வாலி”.

“உலகம் சுற்றும் வாலிபன். எழுபத்து மூணு” என்கிறார் பையனிடம். “அதுக்கு முன்னாடி இந்த மொகம் செஞ்சிருக்க முடியாது. அப்புறம் எப்போன்னு இது சொல்லாது. அந்தப் படம் எத்தினியோ தபா திரும்பி வந்துச்சு.”

ஒரு பொருளுக்கு வயது சொல்வது என்றால் இதுதான். இதற்கு முந்தியது இல்லை என்று ஒரு கோடு போடலாம். அதைத் தாண்டி ஆசைப்பட்டு ஒரு வருஷம்கூடச் சேர்க்கக் கூடாது. பழம்பொருள் வியாபாரத்தில் நூறு வருஷம் என்ற சொல் எவ்வளவு மலிவு என்பதைப் பார்த்தவர்களுக்கு, அவர் அந்தக் கோட்டில் நின்றது பெரிய விஷயமாகத் தெரியும்.

உடைந்த பல்லின் ஓரத்தை லென்ஸில் பார்க்கிறார். வண்ணம் அடுக்கடுக்காகத் தெரிகிறது. அடியில் வஜ்ரப் பசையில் கலந்த பொடி நிறம், மங்கலான பச்சை. அதன் மேல் நீலம். அதற்கும் மேல் எனாமல் பெயிண்ட், திரும்பவும் பச்சை. விழாவுக்கு முன்னால் திரும்பத் திரும்பப் பூசியிருக்கிறார்கள். பையனின் ஈரத்துணி பட்டிருந்தால், உடைந்த ஓரங்களில் வெளியே தெரிகிற பொடி நிறம் கரைந்து போயிருக்கும்.

மாசி அமாவாசையில், மகா சிவராத்திரிக்கு மறுநாள், வடசென்னையின் அங்காளம்மன் கோவில்களிலிருந்து ஊர்வலம் மயானத்துக்குப் புறப்படும். அந்த விழாதான் மயானக் கொள்ளை. சிவன் கிள்ளிய பிரம்மனின் ஐந்தாவது தலை அவர் கையிலேயே ஒட்டிக்கொண்டு, விழுகிற பிச்சையை எல்லாம் தானே தின்றுவிட, அவர் பசியோடு அலைந்து மேல்மலையனூர் மயானத்துக்கு வருகிறார். அங்கே தேவி உணவைச் சூறைவிட, கபாலம் அதைத் தின்னக் கீழே இறங்குகிறது. அவள் அதைக் காலால் மிதித்து அடக்கிவிடுகிறாள். அந்தச் சூறைதான் இன்றும் நடக்கிறது. வேகவைத்த பயறு, கொழுக்கட்டை, காய்கறி, சில்லறைக் காசு எல்லாம் கூட்டத்தின் தலைக்கு மேல் பறக்கும். வேண்டிக்கொண்டவர்கள் காளி வேடம் கட்டுவார்கள். சிலர் முகத்திலேயே வண்ணம் பூசிக்கொள்வார்கள், சிலர் முகம் கட்டிக்கொள்வார்கள். பம்பையும் உடுக்கையும் அடிக்கிற அடியில், மீன்பிடி வலைகள் காயும் அந்தத் தெருக்களில் நிற்கிறவனுக்கு உடம்பு சிலிர்க்கும். பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அமாவாசை முடிந்ததும் இந்தப் பொருள்களுக்கு வேலை இல்லை. பரணுக்குப் போகும், கரையான் பார்த்துக்கொள்ளும். இல்லாவிட்டால் இப்படிச் சாக்கில் வரும்.

தோள்கட்டையைக் கையில் தூக்கிப் பார்க்கிறார். எடையே இல்லை. “கல்யாண முருங்கை. கூத்துக்காரங்க கட்ற மரம். ராத்திரி பூரா தோள்ல தாங்கணுமே.” கண்ணாடித் துண்டுகளில் மூன்று புதிது, மற்றவை பழையவை. பழையவற்றின் பின்பூச்சு உதிர்ந்து கறுத்திருக்கிறது. புதியது எது, பழையது எது என்று நோட்டில் படம் போட்டுக் குறிக்கிறார்.

இதற்குள் ஓர் இளைஞன் பைக்கை நிறுத்திவிட்டு வருகிறான். அவன் வந்தது இந்த மூட்டைக்கு இல்லை. போன வாரம் வேறொரு வீட்டிலிருந்து, கப்பலில் வேலை பார்த்தவருடைய டிரங்குப் பெட்டியிலிருந்து வந்த ஒரு பொருளுக்காக. அண்ணாச்சி அதைப் பிளாஸ்டிக் கவரில் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார். அட்டையில் வெட்டிய கறுப்புப் பூனை. முதுகை வளைத்து, வாலைத் தூக்கி, ஆரஞ்சுக் கண்ணோடு நிற்கிறது. அமெரிக்க ஹாலோவீன் தோரணம்.

“வின்டேஜ், அண்ணாச்சி. அங்க இதுக்கு டாலர்ல குடுக்குறாங்க” என்கிறான். அவன் சொல்வது பொய்யில்லை. அக்டோபர் 31 இரவு வீட்டு ஜன்னலில் ஒட்டி, மறுநாள் கிழித்துப் போடுவதற்காகவே அச்சடித்த பூனையும் ஆந்தையும் எலும்புக்கூடும் இன்று அங்கே ஏலத்துக்கு வருகின்றன. பென்சில்வேனியாவின் பீஸ்டில் கம்பெனியும் மாசசூசெட்ஸின் டென்னிசன் கம்பெனியும் செய்த பழைய தாள்களைத் தேடிச் சேர்க்க ஒரு கூட்டமே இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலான விலை, இருபதாம் நூற்றாண்டின் முதல் முப்பது, நாற்பது ஆண்டுகளில் ஜெர்மனியில் செய்த காகிதக் கூழ் விளக்குகளுக்கு. பூசணி முகம், உள்ளே மெழுகுவத்தி வைக்க இடம், கண்ணிலும் வாயிலும் மெல்லிய வண்ணத்தாள். மெழுகுவத்தி சாய்ந்தால் தாள் எரிந்துவிடும். அந்தத் தாள் எரியாமல் மிஞ்சிய விளக்கு கிடைப்பது அரிது என்பதால்தான் அந்த விலை.

அதைச் செய்த ஜெர்மானியர்களின் ஊரில் அந்தக் காலத்தில் அந்தப் பண்டிகையே கிடையாது. கப்பலில் ஏற்றி அனுப்பத்தான் செய்தார்கள். நம் தெய்வங்களுக்கும் அவர்கள் அதையே செய்தார்கள். கிருஷ்ணனும் லட்சுமியும் ஜெர்மனியில் கல்லச்சில் வண்ணப்படமாகி, பீங்கான் பொம்மையாகி இந்தியத் துறைமுகங்களில் வந்து இறங்கினார்கள். ரவிவர்மா 1894இல் தொடங்கிய அச்சகமும் பிறகு ஃப்ரிட்ஸ் ஷ்லைஷர் என்ற ஜெர்மானியரின் கைக்குத்தான் போனது. பண்டிகைச் சரக்கு எந்தக் காலத்திலும் கடல் தாண்டிய சரக்குதான். இந்தச் சந்திலிருந்து நிமிர்ந்து பார்த்தால் துறைமுகத்துக் கிரேன் தெரிகிறது.

“நான் பாக்கலாமா தம்பி?” என்று கேட்டு, இளைஞன் தலையாட்டிய பிறகே பெரியவர் பூனையை வாங்குகிறார். கடையின் உட்புற இருட்டுக்குப் போய் நீல விளக்கை அடிக்கிறார். அட்டையின் பின்புறம் பளீரென்று வெளிர்நீலமாக ஒளிர்கிறது. காகிதத்தை வெளுப்பாகக் காட்டச் சேர்க்கிற ரசாயனம் அப்படி ஒளிரும். 1950க்கு முன் செய்த தாளில் அது அநேகமாக இருக்காது.

“அம்பதுக்கு அப்புறம்னாலும் பழசுதானே சார்?” இளைஞன் விடவில்லை. நியாயமான கேள்வி.

“பழசுதான். வெளக்கு அவ்ளோதான் சொல்லும்” என்று ஒத்துக்கொண்டு லென்ஸை அவன் கையில் கொடுக்கிறார். “இந்த மடிப்பு பாரு. பூனை கழுத்தாண்ட.” தெரிகிறது. மடிந்து மடிந்து வெளுத்த கோடு. “இப்போ கண்ண மூடிக்கினு வெரலால தடவு.”

தடவுகிறான். விரலுக்கு எதுவும் தட்டவில்லை. வழவழப்பாக இருக்கிறது. பழைய பூனை ஒன்றைப் படமெடுத்து, அதன் மடிப்பு, கறை எல்லாவற்றையும் சேர்த்தே திரும்ப அச்சடித்திருக்கிறார்கள். லென்ஸில் பார்த்தால் அந்த வெளுத்த கோடே சிறுசிறு வண்ணப் புள்ளிகளாக உடைகிறது.

இளைஞன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “எனக்கு இத யாரும் சொல்லிக் குடுக்கல சார்” என்கிறான். பெரியவர் அவனைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்கிறார். அதன் பிறகு பேச்சு அவர்கள் இருவருக்குள் என்றாகிவிடுகிறது.

திருஷ்டி பூதத்தை எடுக்கிறார்கள். எனாமல் பெயிண்டில் முண்டக்கண், முறுக்கு மீசை, வெளியே தொங்கும் நாக்கு. மேலே ஆணி அடித்த இடத்தில் துரு வட்டம், அதாவது மாட்டி வைத்த பொருள். கீழே எழுதியவரின் பெயர் தேய்ந்துவிட்டது, “மெட்ராஸ்-13” மட்டும் நிற்கிறது. 1972 ஆகஸ்டில் ஆறு இலக்கப் பின்கோடு வந்தபின் ராயபுரம் 600013 ஆனது. பழக்கம் விடாமல் பலர் 13 என்றே எழுதிக்கொண்டிருந்தார்கள் என்பதால் அதை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. 1996இல் ஊர் பெயர் சென்னை ஆனதற்கு முந்தியது என்று வேண்டுமானால் சொல்லலாம். இளைஞன் இதைத் தன் போனில் எழுதிக்கொள்கிறான்.

அட்டை முகமூடிகளில் ஒன்றின் பின்னால் விலை அச்சாகியிருக்கிறது: 15 ந.பை. பெரியவரின் முகம் மலர்வது அப்போதுதான். நயா பைசா 1957 ஏப்ரலில் வந்தது. 1964இல் நயா உதிர்ந்து வெறும் பைசா ஆனது. ஏழு ஆண்டுகளுக்குள் இந்த முகமூடியைக் கட்டிவிடலாம். கல்லச்சு நிறம், கொஞ்சம் தள்ளி விழுந்த சிவப்பு. நாலு நிறத்துக்கு நாலு தடவை தாள் மெஷினுக்குள் போனதையும், மூன்றாவது தடவை தாள் ஒரு நூல் விலகியதையும் அவர் அந்தச் சிவப்பிலிருந்தே சொல்கிறார். தன் கையால் ஓட்டிய மெஷினைப் பற்றிப் பேசும்போது அவர் குரலே வேறாக இருக்கிறது. அவர் சேர்ப்பில் திருவொற்றியூர் விம்கோ தீப்பெட்டிப் படங்களும் சிவகாசிப் பட்டாசுப் படங்களும் இருக்கின்றனவாம். அவற்றுக்காவது சேர்ப்பவர்கள் உண்டு. இந்த முகங்களுக்கு இல்லை.

“இத யார் கட்னது அண்ணாச்சி? எந்தத் தெரு?”

“அதுலாம் யாருக்குத் தெரியும் ஐயா. எடைக்கு வந்த சரக்கு.”

“ஆள அனுப்பிக் கேளுங்க. பேரு தெரியாம எனக்கு வேணாம்.”

பையன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போகிறான். திரும்பும்போது பின்னால் ஓர் அம்மா நடந்து வருகிறார். நாற்பத்தைந்து வயதிருக்கும். கையில் மீன் கூடை மணம். செய்தித்தாளின் மேல் குப்புறக் கிடக்கிற முகத்தைப் பார்த்ததும் நின்றுவிடுகிறார்.

“அண்ணே, அம்மா மொகத்த இப்டிக் கவுத்து வெக்காதீங்க.”

பெரியவர் சட்டென்று நிமிர்த்தி, தன் துண்டை மடித்து அதன் மேல் வைக்கிறார். “தப்புமா.” அவ்வளவுதான் சொன்னார். அந்த அம்மா உட்காரவில்லை, நின்றபடியே பேசுகிறார். அவருடைய அப்பா கட்டிய முகம். காப்புக் கட்டினால் வீட்டில் தாளிக்கிற வாசனைகூட வரக் கூடாது. செருப்புப் போட மாட்டார். அந்த இரவில் அவரை யாரும் அப்பா என்று கூப்பிட மாட்டார்கள். கடைசி மூன்று வருஷம் முழங்கால் முடியாமல் போய், முகத்தை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்காரர் இடிக்கிறார், போகிற வீடு பத்துக்குப் பத்து. தம்பிதான் மூட்டையைப் போட்டுவிட்டு வந்திருக்கிறான்.

“எடுத்துனு போம்மா” என்கிறார் பெரியவர். “பணம் எதுவும் தர வேணாம். அண்ணாச்சிக்கு நான் குடுத்துக்கறேன்.”

அந்த அம்மா யோசிக்கிறார். லாரி ஒன்று ஹாரன் அடித்து ஓய்கிறது. “எங்க வெப்பேன் ஐயா? கீழ வெக்கக் கூடாது. மேல வெக்க எடமில்ல. நீங்களே வெச்சிக்கோங்க. மாசி அமாவாசைக்கு மட்டும் எடுத்து வெச்சு சூடம் காட்டிடுங்க.”

“காட்றேன்மா.”

அவர் நோட்டைத் திறந்து, அப்பா பெயர், தெரு, எந்தக் கோவில், எந்த வருஷத்திலிருந்து எதுவரை கட்டினார், முகம் செய்தது யார், பல் உடைந்தது எப்போது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொள்கிறார். அந்த அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. 1975இல் செய்தார்கள், அவருடைய அண்ணன் பிறந்த வருஷம், அந்த வேண்டுதலுக்காகத்தான். சினிமா விளம்பரம் போட்ட கோட்டுக்கு இரண்டு வருஷம் தள்ளி நிற்கிறது. இளைஞன் பெரியவரைத் திரும்பிப் பார்க்கிறான். பெரியவர் எழுதிக்கொண்டிருக்கிறார்.

இந்தப் பொருளின் மதிப்பு அந்தக் கால்மணி நேரத்தில்தான் உண்டானது என்பேன். அதுவரை அது ஒரு நல்ல பழைய முகம். பெயரும் தெருவும் வேண்டுதலும் சேர்ந்த பிறகு, வடசென்னையின் ஐம்பது வருஷம். பொருளைக் காப்பாற்றிவிட்டுப் பேச்சைத் தொலைத்தால் பாதிதான் கையில் மிஞ்சும். நம் பழம்பொருள் சட்டம், 1972இல் வந்தது, இந்த மாதிரிப் பொருள் என்றால் நூறு ஆண்டு ஆனதைத்தான் தொல்பொருள் என்று எடுத்துக்கொள்கிறது. காகிதக் கூழ் முகம் சென்னையின் உப்புக் காற்றில் நூறு ஆண்டு தாங்குமா? சட்டம் அதைக் காப்பாற்ற வருவதற்குள் அது மண்ணாகிவிடும். ஆகவே அந்தப் பொறுப்பு வீட்டில் இருப்பவர்களுடையது.

அந்த ஹாலோவீன் இரவுக்கு அயர்லாந்தில் பூசணிக்கு முன் டர்னிப் கிழங்கைக் குடைந்துதான் பேய் முகம் செய்தார்கள். 1943இல் ஃபின்டவுன் என்ற ஊரின் பள்ளி ஆசிரியை ஒருவர் அப்படி ஒரு பழைய கிழங்கு முகத்தை அவர்களுடைய தேசிய அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். கிழங்கு உதிர்ந்து போகிற நிலை. அவர்கள் அதற்குச் சுண்ணச்சாந்தில் அச்செடுத்தார்கள். மேயோ கவுண்டியில் அது இன்றும் மக்கள் பார்வைக்கு இருக்கிறது. அழுகிப் போகும் ஒரு கிழங்குக்கு அந்த நாடு இவ்வளவு செய்திருக்கிறது. அமாவாசைதோறும் நாம் கடை வாசலில் உடைக்கிற பூசணியின் முகத்தை எழுதுகிற கைகள் இன்னும் நம் தெருக்களில் இருக்கின்றன. அவர்கள் முகம் எழுதுவதை ஒருமுறையாவது படமெடுத்து வைக்கலாம். எழும்பூர் அருங்காட்சியகத்தில் வடசென்னையின் வேடப்பொருள்களுக்கென்று ஓர் அலமாரி கேட்பதும் பெரிய ஆசை இல்லை.

பெரியவர் காளி வேடப் பொருள்களுக்கும் திருஷ்டி பூதத்துக்கும் சேர்த்து 1,500 ரூபாய் எண்ணிக் கொடுக்கிறார். எடை விலையைவிட எத்தனையோ மடங்கு. அண்ணாச்சி அதில் 500ஐ எடுத்து அந்த அம்மாவிடம் நீட்டுகிறார். அவர் வாங்கவில்லை. கிரீடத்தை மட்டும் கேட்டு வாங்கி, முந்தானையால் மூடி எடுத்துக்கொண்டு போகிறார். பூனையை இளைஞன் வாங்கவில்லை. அட்டை முகமூடிக் கட்டை வாங்குகிறான்.

வரும் போகிக்கு முன் உங்கள் வீட்டுப் பரணை ஒருமுறை ஏறிப் பாருங்கள். அப்பாவோ தாத்தாவோ கட்டிய முகம், கொலுவில் ஓரம் கட்டிய பூதம், கடை வாசலில் தொங்கிய திருஷ்டித் தகரம் எது கிடைத்தாலும் தீயில் போடாதீர்கள். ஈரத்துணியால் துடைக்காதீர்கள். புதுப் பெயிண்ட் அடிக்காதீர்கள். பிளாஸ்டிக் பையில் கட்டினால் வேர்த்துப் பூசணம் பிடிக்கும், பழைய பருத்தித் துணியில் சுற்றுங்கள். தனித் தாளில் பென்சிலால் யார், எந்தத் தெரு, எந்த வருஷம் என்று எழுதிக் கூடவே வையுங்கள். அதைச் சொல்லத் தெரிந்த பெரியவர்கள் வீட்டில் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.